முழங்கை வைத்தியம்

நொண்டுவதை நிறுத்துவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். பல் துலக்கும்போது எடுக்கிற முடிவுகள் வாய் கொப்பளிப்பதற்குள் போய்விடும் என்பார்கள். இது போகவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். என் வலது கால் சரியாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டலாம். ஆள் இல்லாத நேரத்தில் தாண்டியும் பார்த்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் வீட்டுப் பக்கம் திரும்பினால் போதும், கால் தானாக இழுக்க ஆரம்பித்துவிடும்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எல்லாம் அந்த ஜிம்மால் வந்தது. ஐம்பது வயது முடிந்த அன்று குனிந்து ஷூ மாட்டினேன். சட்டையின் மூன்றாவது பித்தான் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. அன்றைக்கே போய் ஒரு வருஷச் சந்தா கட்டிவிட்டேன்.

"ஒரு வருஷத்துக்கா? ஒரு மாசம் போய்ப் பாத்துட்டுக் கட்டலாமேங்க" என்றாள் மனைவி.

"நான் ஒரு விஷயத்துல இறங்கினா பாதியில விடமாட்டேன்."

"அதுவும் சரிதான். நீங்க எதுலதான் இறங்கியிருக்கீங்க, பாதியில விடறதுக்கு?"

நாலாவது நாள் இறங்கினேன். ஓடுகிற ட்ரெட்மில்லிலிருந்து. பக்கத்து மெஷினில் என்னைவிடப் பத்து வயது பெரியவர் ஒருவர் போன் பேசிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். மூச்சு கூட வாங்கவில்லை. எனக்கு ரோஷம் வந்தது. வேகத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு தள்ளியது. நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினேன். நான் அழுத்தியது வேறு பொத்தான். தண்ணீர் கேன் இருக்கிற மூலைவரை பறந்து போனேன். கணுக்காலில் மயிரிழை விரிசல். மூன்று வாரம் மாவுக்கட்டு. "கால் சரியானதும் டாக்டர் லெட்டரோட வாங்க சார்" என்று சொல்லி ஜிம்காரர்கள் என் சந்தாவை அப்படியே நிறுத்திவைத்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபி டாக்டரிடம் போனோம். எலும்பும் தோலுமான சின்ன வயசுக்காரர். ஆனால் அவர் விரல் பட்டால் நமக்கு ஏழு ஜென்மமும் நினைவுக்கு வரும். "தினம் சாயங்காலம் அரை மணி நேரம் சமதளத்துல நடங்க. யாராவது கையைப் பிடிச்சுக்கட்டும்" என்றார்.

என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

இங்கேதான் நான் கெட்டேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் வாசலிலிருந்து கடைசி ஜன்னல்வரை நீளமான நடைவழி. போக நாற்பத்திரண்டு எட்டு, வர நாற்பத்திரண்டு எட்டு. நடுவில் ஒரே ஒரு சின்னப் படி. அந்த நடைவழியில் தினமும் ஆறரை மணிக்கு அவள் என் முழங்கையைப் பற்றிக்கொள்வாள். ஐந்து விரலும் சட்டைத் துணிக்கு மேலே பதியும். நடப்போம்.

அதற்கு முன்னால் எங்கள் சாயங்காலங்கள் எப்படியிருந்தன தெரியுமா? மகள் படிக்கப்போய் ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு வருஷம். ஒரே சோபாவில் உட்கார்ந்து இருவரும் இரண்டு ஊரில் இருப்போம். அவள் கையில் போன், என் கையில் ரிமோட். "சாப்பிடலாமா?" "ம்." "தூங்கலாமா?" "ம்." இதுதான் எங்கள் தினசரி உரையாடல். பக்கத்தில் யாராவது எழுதிக்கொண்டிருந்தால் அவருக்குப் பேனா மை மிச்சம்.

நடக்க ஆரம்பித்ததும் அவள் பேசினாள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். விட்டுப்போன ஒரு தையலைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். முந்நூறு சட்டைக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, "இதுதான் புது ஃபேஷன்" என்று சாதித்த சூப்பர்வைசரைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டதையும், அவள் அப்பா விடாததையும் சொன்னாள். சொல்லும்போது கடைசி ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தாள். முடியில் நரை ஓடிய அந்தப் பக்கவாட்டு முகத்தை நான் பார்த்தேன். இவளை எங்கேயோ தொலைத்துவிட்டு, அதே வீட்டிலேயே இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே என்று தோன்றியது. அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தபோது என் கால் நகர மறந்துவிட்டது.

"என்னங்க, வலிக்குதா?"

"கொஞ்சம்" என்றேன்.

கால் சரியானால் இது போய்விடும். அதனால் கால் சரியாகவில்லை. கணக்கு அவ்வளவுதான்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். என்னவென்று கேட்பது? 'என் கையைப் பிடிச்சுக்கோ' என்றா? அதற்கு எனக்கு மூஞ்சி ஏது? கல்யாணமான புதிதில் அவளே கூப்பிட்டிருக்கிறாள், "வாங்களேன், சும்மா ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று. "நடந்து எங்க போகப்போறோம்? திரும்ப இங்கதானே வரணும்?" என்று ஜோக்கடித்தேன். நாலைந்து வருஷம் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். அந்த ஜோக்கை நினைத்தால் இப்போது எனக்கே என்னை இரண்டு அறை அறையலாம்போல இருக்கிறது.

நொண்டுவதில் எனக்குப் பயம் கிடையாது. ஏனென்றால் அது என் தொழில். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் காயங்களைச் சரிபார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாக நொண்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பொய்யாக நொண்டுகிறவன் காலை ஊன்றிய பிறகு முகத்தைச் சுளிப்பான். மெய்யாக வலிக்கிறவன் ஊன்றுவதற்கு முன்பே சுளிப்பான். பொய்க்காரன் படி ஏறும்போது முனகுவான். வலிக்கிறவன் படி இறங்கும்போது ஒரு நொடி தயங்குவான். என் கண்ணைத் தப்பி இதுவரை ஒரு கால் போனதில்லை. ஆபீசில் எனக்கு 'கால் ஜோசியர்' என்று பெயர்.

அந்த வித்தை முழுவதையும் வீட்டில் இறக்கினேன். ஊன்றுவதற்கு முன்பே சுளித்தேன். இறங்கும்போது தயங்கினேன். மழை வந்த நாளில் கூடுதலாக ஒரு பெருமூச்சு. பலன் கைமேல் தெரிந்தது. நாளாக ஆக அவள் இன்னும் இறுக்கமாகப் பற்றினாள். சில நாள் அவள் பாரமே பாதி என் முழங்கைமேல் இருக்கும். பத்தொன்பது வருஷத்து அன்பையெல்லாம் சேர்த்துவைத்துச் சாய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நடுவிலிருக்கும் படிக்கு முன்னால் எனக்காக ஒரு நொடி நிற்பாள். அந்த ஒரு நொடிக்காகவே நான் ஆயுசுக்கும் நொண்டத் தயார்.

ஒரே ஒரு கண்டம் வந்தது. எதிர்வீட்டில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். ஒருநாள் காலை ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று படிகளில் தாவி இறங்கினேன். கீழே அவர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நேத்து சாயங்காலம் நொண்டினீங்களே?"

"காலைல கொஞ்சம் தேவலை சார்."

"ராத்திரியோட ராத்திரியாவா?"

"சார், உங்க பிரஷர் இப்ப எப்படி இருக்கு?"

அவ்வளவுதான். மேல் அளவு, கீழ் அளவு, பழைய மாத்திரை, புது மாத்திரை எல்லாம் சொல்லி முடித்தார். ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் தாமதம். ஆனால் ரகசியம் தப்பியது.

பிறகு அந்த போன் வந்தது. சாப்பாட்டு மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஜிம் மேனேஜர் பேசறேன். உங்க சந்தாவை இதுக்குமேல நிறுத்திவைக்க முடியாது. திங்கட்கிழமையிலேர்ந்து வந்துடுங்க. இல்லைன்னா இன்னும் ஆறு வாரம் முடியாதுன்னு டாக்டர் லெட்டர் வேணும். அப்படிக் குடுத்தீங்கன்னா இன்னொரு வசதியும் இருக்கு சார், அது என்னன்னா…"

"சரி சரி, பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன். ஆபீசில் விதிமுறைகளை நான் சொல்வேன், ஊர் கேட்கும். அடுத்தவர் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை.

"போயிடுங்களேன். கால் இப்ப பரவாயில்லைதானே?" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கே? நேத்து ராத்திரி பூரா குத்தல்."

"குறட்டை சத்தம் கேட்டுச்சே?"

"வலி தாங்காம விட்ட குறட்டை."

"ஐயோ பாவம். அப்ப லெட்டர் வாங்கிடுங்க."

மறுநாள் டாக்டரிடம் தனியாகப் போனேன். அறைக்கு வெளியே இருந்தே நொண்ட ஆரம்பித்துவிட்டேன். அவர் என் கணுக்காலை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். "எலும்பு நல்லா சேந்துடுச்சே சார். உங்களுக்கு எதுக்கு லெட்டர்?"

"வலி எனக்குத்தானே டாக்டர் தெரியும்?"

அவர் எடுத்த பேனாவை மூடி வைத்தார். "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார். போனில் ஏதோ பேசுவது கேட்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. உட்கார்ந்து மளமளவென்று எழுதி, முத்திரை குத்தி, மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். என் உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ மருத்துவக் கடிதங்களைக் கமா, முற்றுப்புள்ளி விடாமல் படித்திருக்கிறேன். படிக்காமல் சட்டைப்பையில் வைத்த ஒரே கடிதம் அதுதான். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"கொண்டாங்க, ஜிம் நான் வர்ற வழிதானே? நானே குடுத்துடறேன். நீங்க எதுக்கு அந்தக் காலோட அலையணும்?" என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

அன்றைய நடை இருக்கிறதே, அது ஒரு நடை! இன்னும் ஆறு வாரம், நாற்பத்திரண்டு சாயங்காலம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தேன். அவள் அதிகம் பேசவில்லை. கடைசி ஜன்னலருகே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள். கையை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

மறுநாள் ஆறரை ஆனது. அவள் வரவில்லை. ஏழு ஆனது. லிஃப்ட் வாசலிலேயே ஒற்றைக் காலில் நின்றேன். ஏழே காலுக்கு லிஃப்ட் திறந்தது. வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. காலில் புது ஷூ. கழுத்தில் ஓர் அடையாள அட்டை. அட்டையில் ஜிம்மின் பெயர், அவளுடைய புகைப்படம்.

"என்ன இது?"

"ஆறு வாரமோ அதுக்கு மேலயோ உடம்பு முடியலைன்னு லெட்டர் குடுத்தா, மிச்ச சந்தாவை வீட்டுல இருக்கறவங்க பேருக்கு மாத்திக்கலாமாம். அன்னிக்கு போன்ல அவர் அதைத்தான் சொல்ல வந்தாரு. நீங்க வச்சுட்டீங்க. நான் திரும்பப் போன் பண்ணிக் கேட்டுக்கிட்டேன்."

"உனக்கு எதுக்குமா ஜிம்மு?"

"எனக்கு மூணு மாசமா குதிகால் வலிங்க. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. உங்களைக் கூட்டிட்டுப் போறப்போ அந்த டாக்டர்கிட்டயே என் காலையும் காமிச்சேன். தினம் அரை மணி நேரம் சமதளத்துல நடக்கணும், யார் மேலயாவது சாஞ்சுக்கிட்டு நடங்கன்னாரு. இப்ப குணமாயிடுச்சு. இனிமே ஜிம்ல சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்காரு."

என் தலைக்குள் நடைவழி ஒருமுறை ஓடியது. முழங்கைமேல் விழுந்த அந்தப் பாரம். படிக்கு முன்னால் நின்ற அந்த ஒரு நொடி. ஊன்றுவதற்கு முன்பே சுளித்த முகம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கால் ஜோசியர் தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, அவளுக்கு வலித்தபோது நான் கேட்கவில்லையே என்பது எங்கேயோ ஆழத்தில் குத்தியது. இந்தக் குத்தல் பொய்யில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா? நடக்க வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? வந்தீங்களா? நீங்களா நொண்டறப்போ எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"நான் நடிக்கறேன்னு தெரியுமா?"

"மொத நாளே தெரியும். தையல் விட்டிருந்தா எனக்குத் தெரியாதா? நேத்து டாக்டரே போன் பண்ணிக் கேட்டாரு, உங்க வீட்டுக்காரர் லெட்டர் கேக்கறாரு, என்ன பண்றதுன்னு. கேக்கறதைவிடக் கொஞ்சம் கூடவே எழுதிக் குடுங்கன்னேன்."

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நடுப்படியில் நிற்கவில்லை. என் முழங்கை காலியாகத் தொங்கியது. இதற்குமேல் மானத்தைக் காப்பாற்றி என்ன செய்யப்போகிறேன்? நொண்டாமல், விறுவிறுவென்று போய் அவள் முன்னால் நின்றேன்.

"இந்தா பாரு. எனக்குக் கால்ல ஒண்ணுமில்லை. நீ பக்கத்துல வரணும். அதுக்குத்தான் இத்தனையும். ஜிம்முக்குப் போயிட்டு வந்தப்புறமாவது தினம் என்கூட ஒரு நடை வர்றியா?"

அவள் நின்றாள். தரப் பரிசோதகரின் பார்வை என் முகத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடியது. ஒரு தையலும் விட்டிருக்கவில்லை போலும். கண் மெல்லக் கலங்கியது. கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தாள். ஐந்து விரலும் பதிந்தன.

"இதைக் கேக்க இத்தனை வருஷமா?"

"ஆயிடுச்சு. வர்றியா, மாட்டியா?"

"வர்றேங்க. எனக்கும் ஆசைதான்" என்று சொல்லி, கையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "ஆனா ஆறு வாரம் பொறுத்துக்கோங்க. லெட்டர்ல உங்களுக்கு நடைப்பயிற்சியே கூடாதுன்னு எழுதியிருக்கு. நீங்க வாசல்படி தாண்டி நடை போறதை யாராவது பாத்தா ஜிம்காரங்க என் கார்டைப் பிடுங்கிடுவாங்களாம்."