ஓவனுக்குள் ஒரு கரிநாள்

தொடை உள்ளே போக மாட்டேன் என்றது.

அய்யம்பெருமாள் அதை நேராக வைத்துத் தள்ளிப் பார்த்தார். குறுக்காக வைத்துப் பார்த்தார். எலும்பு முனையைப் பிடித்துத் திருகியும் பார்த்தார். விடியற்காலையில் கறிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, "முழுத் தொடையாக் குடுப்பா, துண்டு போட்டா சம்பந்தி முன்னாடி மரியாதையா இருக்காது" என்று கேட்டு வாங்கி வந்த வெள்ளாட்டுத் தொடை. ஓவன் பெட்டியோ, இரண்டு பன் ரொட்டி ஒட்டிப் படுத்தால் மூன்றாவது வெளியே நிற்கிற சைஸ்.

"ஆடு வளந்துருச்சா, பெட்டி சுருங்கிருச்சா?" என்று, பைக் நிறுத்துகிற தகர ஷெட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"ரெண்டும் இல்லங்க. நீங்க அளந்து பாக்காம வாங்கிட்டீங்க."

பதில் சொன்னது அவர் மனைவி ஆண்டாயி. வாசற்படியோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்புச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், இழுத்துப் போர்த்திய முந்தானை.

"ஏ கழு..." என்று ஆரம்பித்தவர், சேலையின் நிறம் கண்ணில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டார். "...சாமி! செத்த நேரம் பேசாம இருங்க சாமி!"

மாலை போட்டவர்களைத் திட்டக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து, எத்தனையோ டிரைவர்களை விசில் ஊதியே விரட்டியவர் அய்யம்பெருமாள். ரிட்டயராகி, சொந்த வூட்டில், சொந்தப் பெண்டாட்டியை வாய் நிறையத் திட்ட வழியில்லை. அந்த ஆத்திரம் ஒரு பக்கம்.

சம்பந்தி மூட்டிய ஆத்திரம் இன்னொரு பக்கம். மகள் பிரவீணாவின் மாமனார், திருமானூர் அரியமுத்து. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். ஊரே கறி தின்கிற நாள். போன கரிநாளுக்கு அவர் வூட்டில் ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, ஆத்து மீன் என்று இலையில் இடமில்லாமல் போட்டார்கள். எல்லாம் போட்டுவிட்டு, கை கழுவும்போது சம்பந்தி ஒரு பேச்சும் போட்டார்.

"தாராளமாக் கழுவுங்க சம்பந்தி. எங்களுக்குக் கொள்ளிடம் ஓடுது. உங்க பெரம்பலூர்ப் பக்கம் தண்ணிக்கே லாரி வரணும். இந்த மாதிரி விருந்தெல்லாம் அங்க எங்க பாக்கப் போறீங்க!"

தின்ற கறி அன்றைக்கே செரித்துவிட்டது. இந்தப் பேச்சு ஒரு வருஷமாகச் செரிக்கவில்லை. "இந்தக் கரிநாளுக்கு எங்க வூட்டுக்கு வாங்க. பெரம்பலூர் விருந்து என்னன்னு காட்டுறேன்" என்று போனில் சொன்ன பிறகுதான் அவருக்குச் சரியாக மூச்சு வந்தது. அவர் அழைத்தால் அழைத்ததுதான். எத்தனை பேர், என்ன சமையல், யார் சமைப்பது என்பதெல்லாம் அவர் தலையிடுகிற சங்கதி இல்லை. வருஷா வருஷம் அப்படித்தான்.

போன் பண்ணிய மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டுத் திரும்பினால், ஆண்டாயி சிவப்புச் சேலையில் நிற்கிறாள்.

தெருவே அப்படித்தான் இருந்தது. எதிர் வூட்டுக் கமலவேணி தலைமையில் பாதிப் பெண்கள் அம்மனுக்கு மாலை போட்டிருந்தார்கள். மிளகாய்ப் பழம் காயப் போட்ட களம் மாதிரி தெரு சிவந்து கிடந்தது.

"நான் சம்பந்தியக் கூப்புட்டு வாய மூடல. அதுக்குள்ள இப்படி வந்து நின்னா என்ன அர்த்தம்?"

"சாமி காரியத்துக்கு உங்க சம்பந்தியக் கேட்டா நாள் குறிக்க முடியும்?" என்றாள் ஆண்டாயி.

"அப்பக் கறி யாரு ஆக்குறது?"

"இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு நான் கவுச்சியத் தொடலாமா? நீங்களே சொல்லுங்க."

அவரே சொன்னார். "கூடாது." வேறென்ன சொல்வார்?

சமையற்கட்டுக்குள் கவுச்சி வரக் கூடாது. அதனால் கேஸ் அடுப்பும் கூடாது, புழங்குகிற பாத்திரமும் கூடாது. ஷெட்டில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டலாம் என்றால், "பொகை நேரா சாமி படத்துக்குத்தாங்க வரும்." மெஸ்ஸில் சொல்லி வைக்கலாம் என்றால், பொங்கல் முடிகிற வரைக்கும் கடை அடைப்பு. பக்கத்தில் அடுப்பு இரவல் கேட்கலாம் என்றால், எந்தக் கதவைத் தட்டினாலும் சிவப்புச் சேலை.

கடைசியில் வழி சொன்னதும் ஆண்டாயிதான்.

"பீரோ வாங்குனப்ப இனாமாக் குடுத்தான்ல, ஓவன் பெட்டி? அதுல நான் ஒரு நாளும் சமைச்சதில்ல. கொசுவத்தியும் டார்ச் லைட்டுந்தான் கெடக்கு. அதத் தூக்கிட்டுப் போங்க."

"அந்த டப்பாவுல விருந்தா?"

"செல்லுல பாருங்க. வெள்ளக்காரன் பண்டிகைக்கு முழு வான்கோழியவே அதுல வேக வைக்கிறான்."

வெள்ளைக்காரன் வைப்பான், பெரம்பலூர்க்காரன் வைக்க மாட்டானா? அந்த ரோஷத்தில்தான் இப்போது தொடையோடு மல்லுக்கட்டு நடந்துகொண்டிருந்தது.

கரும்பு வெட்டுகிற அரிவாளால் அதை இரண்டாக்கினார். பெரிய பாதி உள்ளே போயிற்று, கதவைச் சாத்த முடியவில்லை. எலும்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, படியில் தொங்குகிற பயணி மாதிரி நின்றது.

"உள்ள போ! உள்ளதான் எடம் இருக்குல்ல!" என்று பழக்கதோஷத்தில் அதட்டினார். பயணியைப் போலவே அதுவும் கேட்கவில்லை. பழைய சைக்கிள் டியூபால் கதவை இழுத்துக் கட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

சற்று நேரத்தில் தெருக்கோடி வரைக்கும் வாசனை போயிற்று. கறி வாசனை இல்லை.

"பஞ்சர் ஒட்டுறீங்களா?" என்றாள் ஆண்டாயி.

டியூப் உருகிக் கதவில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கம்பியால் கட்டினார். அதற்குள் கொழுப்பு வடிந்து கீழ்க்கம்பியில் விழுந்து, பெட்டியிலிருந்து செங்கல் சூளை மாதிரி புகை கிளம்பிற்று.

"அடியில ஒரு தட்டு வைக்கணுங்க."

"எந்தத் தட்ட வைக்கிறது? எல்லாத் தட்டையுந்தான் தொடக் கூடாதுன்னுட்டீ... ட்டீங்களே சாமி!"

"பரண் மேல தாம்பாளம் ஒண்ணு இருக்கு. கிரகப்பிரவேசத்துக்கு உங்க சம்பந்தி குடுத்தது. இன்னும் பொழங்கல."

எவர்சில்வர் தாம்பாளம். நடுவில் 'அன்புடன் அரியமுத்து, திருமானூர்' என்று வெட்டியிருந்தது. அதுவும் ஓவனுக்குள் நுழையவில்லை. சுத்தியலை எடுத்து நாலு பக்கமும் அடித்து மடக்கினார். ஒவ்வொரு அடியும் சம்பந்தி பேசிய பேச்சின் மேலேயே விழுந்ததால், தாம்பாளம் தேவைக்கு மேலேயே மடங்கிவிட்டது. பார்க்கப் பரிசல் மாதிரி இருந்தது.

"சோறாவது வடிச்சுத் தருவியா... தருவீங்களா சாமி?"

"வடிக்கிறேங்க. ஆனா நான் வடிச்ச சோத்துல நீங்க கறிச்சாறு ஊத்துனா, அந்தப் பாவம் யாருக்குப் போவும்?"

அய்யம்பெருமாள் யோசித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் தனக்குத்தான் போகும்போல் தெரிந்தது. அரிசியைக் கழுவித் தண்ணீரோடு தாம்பாளத்தில் ஊற்றி, தொடைக்குக் கீழே தள்ளினார். மேலே கறி, கீழே சோறு. கொழுப்பு சொட்டுச் சொட்டாக அரிசியில் விழுவதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா சாமி? தானாப் பிரியாணி ஆவுது! வெள்ளக்காரனுக்கே இது தெரியாது!"

அப்போது வூடு முழுக்கக் கரண்ட் போயிற்று.

டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றலாமென்று ஆண்டாயி மோட்டாரைப் போட்டிருந்தாள். பெட்டியும் மோட்டாரும் சேர்ந்து இழுத்ததில் மெயின் விழுந்துவிட்டது. அவர் ஓடிப் போய்த் தூக்கி விட்டார். மறுபடி விழுந்தது.

"மோட்டார நிறுத்துங்க! ஃபிரிட்ஜ நிறுத்துங்க! ஃபேன நிறுத்துங்க! கரிநாளு முடியிற வரைக்கும் இந்த வூட்ல எதுவும் சுத்தக் கூடாது!"

"மோட்டார் போடலன்னா தண்ணி..."

"தண்ணி பெருசா, மானம் பெருசா?"

ஆண்டாயி மோட்டாரை நிறுத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

உச்சி வெயில் ஏறியபோது பெட்டியைத் திறந்து பார்த்தார். தொடையின் மேல்பக்கம் தார் ரோடு மாதிரி ஆகியிருந்தது. அரிவாளால் கீறினால் உள்ளே ஆடு இன்னும் ஆடாகவே இருந்தது. சோறு மேலே அப்பளம், அடியில் அரிசி.

முட்டையாவது வேகட்டும் என்று, தொடையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, இடம் கொண்ட மட்டும் முட்டையை அப்படியே ஓட்டோடு உள்ளே அடுக்கினார். அதற்குப் பிறகு நடந்ததைத் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். முதல் முட்டை வெடித்ததில் ஓவன் கண்ணாடி விரிசல் விட்டது. மற்றவை தீபாவளிச் சரம் மாதிரி தொடர்ந்தன. ஷெட்டோரம் படுத்திருந்த தெருநாய் நாலு ரோடு வரைக்கும் நிற்காமல் ஓடி, களைப்பில் டவுன் பஸ்ஸில் ஏறித்தான் திரும்பி வந்தது. டைம் கீப்பர் வூட்டு நாய் என்று கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். நம்பாதவர்கள் நாயையே விசாரிக்கலாம். இன்றைக்கும் அங்கேதான் படுத்திருக்கிறது.

அந்தப் புகையும் மஞ்சள் கருவும் அடங்குவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. சம்பந்தி, சம்பந்தியம்மா, மகள், மருமகன் ராஜவேல், அவர்களோடு யாரென்றே தெரியாத பங்காளிகள் ஒரு வேன் நிறைய.

"வாங்க சம்பந்தி, வாங்க!" புருவத்தில் ஒட்டிய முட்டையைத் துடைத்துக்கொண்டே வரவேற்றார் அய்யம்பெருமாள்.

அரியமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவ வாசல் குழாயைத் திருகினார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. ஒரு சொட்டு வந்தது. அதுவும் பாதியில் நின்றது.

"பரவால்ல சம்பந்தி," என்றார் அரியமுத்து, மெத்தப் பெருந்தன்மையோடு. "லாரி வர்ற வரைக்கும் அப்படியே உக்காருறேன்."

அய்யம்பெருமாளுக்குக் காதிலிருந்து ஆவி வந்தது. ஆண்டாயியைத் திரும்பிப் பார்த்தார். சிவப்பு. வாயை மூடிக்கொண்டார்.

இலை போட்டாயிற்று. தாம்பாளத்தோடு தொடையைத் தூக்கி வந்து சம்பந்தி முன்னால் வைத்தார். அரியமுத்து விரலை மடக்கி அதன் மேல் தட்டினார். டொக் என்றது.

"இத எங்க சுட்டீங்க? எங்க அரியலூர்ல சிமெண்டே இத விட இளசா வருமே?"

"பெரம்பலூர்ப் பக்குவம் அப்படித்தாங்க."

அரியமுத்து கருகல் அப்பியிருந்த சோற்றை ஒதுக்கினார். அடியிலிருந்து எழுத்து தெரிந்தது. குனிந்து படித்தார்.

"அட, என் பேரு!"

"அது ஒண்ணுதான் தீயல சம்பந்தி."

மருமகன் செல்லை எடுத்து மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பின்னால் தோள் குலுங்கிற்று.

அப்போதுதான் ஆண்டாயி வந்தாள். "அண்ணே, முந்தாநாள் வச்ச பொங்கக் கொழம்பு இருக்கு. மொச்ச, பரங்கி, அவர, சக்கரவள்ளின்னு எல்லாக் காயும் கெடக்கு. சுட வச்சு சுட வச்சு இப்பத்தான் நல்லா சுண்டியிருக்கு. போடட்டுமா?"

"போடு தங்கச்சி! கேக்கணுமா?"

புது இலை, அவள் வடித்த வெள்ளைச் சோறு, மேலே கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. மூன்றாம் தடவை வாங்கிய பிறகுதான் அரியமுத்து வாயைத் திறந்தார்.

"கறியத் தின்னு தின்னு நாக்கே மரத்துப் போச்சு தங்கச்சி. விருந்துன்னா இது விருந்து! மாலையப் போட்டுக்கிட்டு, இந்த மனுசனையும் வச்சுக்கிட்டு, எவ்ளோ பொறுமை உனக்கு! திருமானூர்ல எவளுக்கும் வராது. அடுத்த கரிநாளும் இங்கதான், சொல்லிட்டேன்."

"வாங்கண்ணே," என்றாள் ஆண்டாயி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "உங்க சம்பந்தி சமைப்பாரு."

கூடமே சிரித்தது. பிரவீணா சிரித்தாள். யாரென்றே தெரியாத பங்காளிகள்கூட, வூட்டு மனுஷர்கள் மாதிரி உரிமையோடு சிரித்தார்கள்.

அய்யம்பெருமாள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். விடியலிலிருந்து தொண்டையில் அடைத்து வைத்திருந்த திட்டெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. இந்த மாலை மட்டும் இறங்கட்டும். இறங்கிய நிமிஷமே, விட்டுப் போனது எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டித் தீர்ப்பது என்று முடிவு செய்துகொண்டார். அந்த நினைப்பே கொஞ்சம் பசியை ஆற்றியது.

எதிர் வூட்டிலிருந்து கமலவேணி இருமுடியும் கையுமாக இறங்கி வந்தாள். தெருமுனையில் பஸ் நின்றது. சிவப்புச் சேலைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

"என்னம்மா, இன்னிக்கே கோயிலுக்குப் பொறப்பாடா?" அவர் குரலில் காலையிலிருந்து இல்லாத கனிவு. "நல்லதாப் போச்சு. எங்க வூட்டுச் சாமியையும் ஏத்திக்கிட்டுப் போயி, மாலையக் கழட்டிக் கூட்டியாந்துருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கமலவேணி நின்றாள்.

"ஆண்டாயி அக்காவா? அவங்க எங்க சார் மாலை போட்டாங்க? நானும் தெனம் கூப்புட்டுப் பாத்தேன், 'இந்தக் கரிநாளுக்கு எங்க வூட்டுக்காரரு சமைக்கப் போறாரு, நான் உக்காந்து பாக்கணும்'னு சொல்லிட்டாங்களே!"