பூக்கிள்ளி சாரின் பெஞ்சு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ள பிடிவாதக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே லாரியில் ஏற்றினாலும் லாரி போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் கல்லூரி விளையாட்டு ஆசிரியர் ஒருவரை மட்டும் ஏற்றிப் பாருங்கள், சூளகிரி மேட்டில் நின்றுவிடும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் பூக்கிள்ளி. அந்தப் பெயரை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "பையன் காலேஜ்ல சேந்திருக்கான், மொத வருசமே டீம்ல ஆட விடலாமா, ஒரு வருசம் பொறுக்கலாமா?" என்று என்னிடம் யோசனை கேட்டார். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். அவருக்குக் கொடுத்த காபி ஆறிப்போகிற வரைக்கும் நான் கத்தினேன். அந்தக் கத்தலின் மிச்சம்தான் இது.

பூக்கிள்ளிக்குச் சொந்த ஊர் நாகரசம்பட்டி. மாந்தோப்புக் குடும்பம். அங்கே ஒட்டு மாங்கன்று வைத்தால் முதல் இரண்டு மூன்று வருடம் பூக்கிற பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுவிடுவார்கள். கன்று ஆசைப்பட்டுக் காய்த்தால் மரம் மெலிந்துவிடும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான், மரத்துக்கு. இந்த மனிதர் அதைத் தோப்போடு விட்டுவிட்டு வந்திருக்கக்கூடாதா? பெண்கள் கபடி அணிக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டார். முதலாமாண்டு மாணவி எவ்வளவு நன்றாக ஆடினாலும் போட்டியில் இறங்கக்கூடாது. ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி, ராகிக் களி, பெஞ்சு.

"எலும்பு இன்னும் பச்சையா கெடக்குது. மொத பூவு வெச்சுக்கக்கூடாது. கிள்ளிப் போட்டுறணும்" என்பார்.

யாராவது எதிர்த்துப் பேசினால் முதலில் தமிழில் திட்டுவார். கோபம் ஏறினால் கன்னடத்துக்கு மாறுவார். "சும்னே கூத்கோ!" என்று ஒரு சத்தம் போட்டால், கன்னடமே தெரியாத என் முட்டிக்குக்கூட உட்காரச் சொல்கிறார் என்று புரிந்துவிடும். கோபம் இன்னும் ஏறினால் தெலுங்கு. அதற்கும் மேலே போனால் விசில். அந்த விசிலைப் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு முடிந்த சங்கு என்று நினைத்து ஒரு வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டதாக ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன்.

முதலாமாண்டு மாணவிகளின் வேலை என்ன தெரியுமா? மேட் விரிக்க வேண்டும். சுருட்ட வேண்டும். சீனியர்களின் முட்டியில் தைலம் தேய்க்க வேண்டும். ராகிக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர்; ராத்திரி ஷிப்டு என்று என்னை ஹாஸ்டலில் விட்டிருந்தார். நாங்கள் சோற்றை மென்று தின்னும் ஜனங்கள். முதல் நாள் களியை மென்றேன். "பாப்பா, அது என்னா முறுக்கா? முழுங்கு!" என்று பின்னாலிருந்து ஒரு விசில். அந்த உருண்டை நெஞ்சில் நின்றது நின்றதுதான், இன்னும் இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்னை உட்கார வைத்ததில் உலகத்துக்கு நஷ்டமில்லை. நான் ரெய்டு போனால் எதிரணிக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்த சந்தோஷம். ஆனால் ஹாஸ்டலில் என் அறைத்தோழி மாதேஸ்வரி அப்படியில்லை. நாட்றாம்பாளையத்துப் பெண். மலையில் ஏறி இறங்கி வளர்ந்த கால். பயிற்சியில் அவள் ரெய்டு போனால் சீனியர் அக்காக்கள் ஆறு பேர் சேர்ந்து பிடித்தும் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பூக்கிள்ளி சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லா பூக்குது" என்பார். பூக்குது என்று அவர் சொன்னால் கிள்ளப்போகிறார் என்று பொருள்.

மாதேஸ்வரிக்கு ஒரு வருடம் பொறுக்க நேரமில்லை. அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்க வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. கபடியைக் காட்டித்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கல்லூரிக்கு வந்திருந்தாள். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நீ மேச்சுல ஆடறத எங்கண்ணால பாக்கணும். ஆடினா படி. ஆடலன்னா வைகாசில தாலி."

இதை அவள் பூக்கிள்ளியிடம் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அடுத்த வருசம் ஆடு கண்ணு" என்றார்.

கல்லில் முட்டிக்கொள்ளலாம். கல்லாவது அடுத்த வருடம் வா என்று சொல்லாது.

தை மாதம் கிருஷ்ணகிரியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. மாதேஸ்வரியின் அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். தனியாக இல்லை. ஊரில் பெருமையடித்து, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை ஆள் மாற்றும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மாதேஸ்வரி ஜெர்சி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் இருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

எதிரணியில் ஒரு முதலாமாண்டுப் பெண் எங்கள் ஆட்களைத் துவம்சம் பண்ணிக்கொண்டிருந்தாள். பூக்கிள்ளி அவளைப் பார்த்து, "கல்லு வெச்சுப் பழுத்த பழம். அடுத்த வருசம் முட்டி போயிடும் பாரு" என்றார். அந்தப் பெண்ணை நான் போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓடிப்போய் பஸ் பிடித்தாள். அவள் முட்டிக்கு ஒரு கேடும் வரவில்லை.

ஆட்டம் முடியும் நேரம். இரண்டு அணியும் சமம். எங்கள் ரெய்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பெஞ்சில் மிச்சமிருந்தது மாதேஸ்வரி, நான், மூன்றாமாண்டு கோமதி அக்கா. கோமதி அக்கா தங்கமான மனுஷி. ஆனால் ரெய்டு போவது என்றால் அவருக்கு எதிர்வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போவது மாதிரி. வாசலோடு திரும்பிவிடுவார்.

மாதேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். "சார், இந்த ஒரு ரெய்டு சார்."

"கூத்கோ" என்றார் பூக்கிள்ளி. "கோமதி, நீ போ."

கோமதி அக்கா போனார். தாண்ட வேண்டிய கோட்டைத் தாண்டாமலே பத்திரமாகத் திரும்பி வந்தார். நடுவர் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

அவள் அப்பா நேராக மைதானத்துக்குள் வந்தார். "ஏம்மா, பெஞ்சுல ஒக்கார்றத பாக்கறதுக்கா ஆறு பேரக் கூட்டினு வந்தன்? ஊர்ல நான் எப்பிடித் தலை நிமிந்து நடப்பன்? பைய எடு, போலாம்" என்றார். அன்றைக்கே ஹாஸ்டலுக்கு வந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாதேஸ்வரி அழவில்லை. ஜெர்சியை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் மைதானத்தில் நான் பூக்கிள்ளியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குள் இருந்த விருதுநகர் முழுவதும் வெளியே வந்தது.

"உங்களுக்கு வருசா வருசம் பிள்ளைக வரும் சார். ஒண்ணு போனா ஒண்ணு. அவளுக்கு எங்க சார் அடுத்த வருசம்? அது மாமரமா, பட்டுப்போனா வேற நட்டுக்கிடலாம்னு விடுறதுக்கு? உங்க பிடிவாதத்துக்கு அவ கழுத்தக் குடுக்கணுமா?"

விசிலுக்காகக் காத்திருந்தேன். விசில் வாய் வரைக்கும் போனது. ஊதவில்லை. தெலுங்குகூட வரவில்லை. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஒட்டு மாங்கன்று, பிளாஸ்டிக் பையில் மண்ணோடு. "கெளம்பு. நாட்றாம்பாளையம் போறம். அன்னிக்கு அவ்ளோ பேசனல்ல, அங்க வந்து பேசு" என்றார். தை மாதத்தில் யாராவது கன்று நடுவார்களா? அவரிடம் யார் கேட்பது? அஞ்செட்டி வழியாகப் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. வழியெல்லாம் கன்றைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வாந்தி வந்தபோது "தலைய வெளிய நீட்டு, கன்னு மேல படாம" என்றார்.

மாதேஸ்வரியின் அப்பா எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பூக்கிள்ளி அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால் கன்றை இறக்கினார். அதன் நுனியில் ஒரு கொத்துப் பூ இருந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் அதைக் கிள்ளிக் கீழே போட்டார்.

"அட பாவி! பூத்தத ஏய்யா கிள்ற?" என்று பதறினார் அப்பா.

"மொத பூவு வெச்சா மரம் மெலிஞ்சுரும்ணா. மூணு வருசம் கிள்ளணும். அப்புறமேட்டு முப்பது வருசம் காய்க்கும். உங்க பொண்ண நான் ஒக்கார வெச்சதும் அதுக்கோசரம்தான். வெவசாயி நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த ஆள் பெண்ணை மீட்க வரவில்லை. கபடி வாதத்தில் ஜெயிக்க மலையேறி வந்திருக்கிறார்! அப்பாவும் விவசாயி ஆயிற்றே, நியாயத்தை ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார். "ஆமாமா, மரத்துக்கு அதான் மொறை."

அப்போதுதான் கதவோரத்தில் நின்ற மாதேஸ்வரியின் அம்மா வாயைத் திறந்தார். அதுவரைக்கும் அவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

"மரத்துக்கு மூணு வருசம் பொறுக்கணும்னு ரெண்டு ஆம்பளைங்களும் தலைய ஆட்டறீங்க. எம்பொண்ணுக்கு மட்டும் எதுக்கு வைகாசி?"

பூக்கிள்ளியின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யோசனை அவருக்கு அதுவரை வந்திருக்கவே இல்லை. ஆனால் அடுத்த நொடியே, ஏதோ தானே சொன்ன மாதிரி, "அதத்தாண்ணா சொல்ல வந்தன்!" என்றார்.

அரைமணி நேரம் தமிழிலும் கன்னடத்திலும் பேச்சு நடந்தது. கன்று காய்க்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு இல்லை, மாதேஸ்வரி படிக்கலாம், கன்றுக்குப் பொறுப்பு பூக்கிள்ளி என்று முடிவாயிற்று. அப்பா தன் கையாலேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "ஆனை வந்து தின்னுட்டா?"

"வேற கன்னு வெப்பம். கணக்கு மறுபடி மொதல்லருந்து."

அன்றிலிருந்து அந்தக் கன்றுக்கு முள்வேலி என்ன, தகர டப்பா கட்டிய கயிறு என்ன, காவல் என்ன! ராகிக் கொல்லைக்குக்கூட அப்பா அப்படிக் காவல் இருந்ததில்லை என்று மாதேஸ்வரி சொன்னாள்.

இரண்டாமாண்டில் அவள் ஆடினாள். அப்பா இந்த முறை பன்னிரண்டு பேரோடு வந்தார். அவள் ஒரே ரெய்டில் மூன்று பேரை அவுட்டாக்கிவிட்டுத் திரும்பியபோது வேட்டிகள் எல்லாம் எழுந்து நின்றன. கோப்பை எங்களுக்கு. பூக்கிள்ளி என்னைப் பார்த்து, "மொத வருசம் எறக்கி இருந்தா இது வந்திருக்குமா?" என்றார்.

"வந்திருக்கும் சார்! ஒரு வருசம் முன்னாடியே வந்திருக்கும்!" என்றேன்.

"கூத்கோ" என்றார்.

ஒவ்வொரு தையிலும் அவர் நாட்றாம்பாளையத்துக்குப் போனார். பூவைக் கிள்ளினார். அப்பா காவேரிப்பட்டினம் வரைக்கும் போய் நாற்றுப்பண்ணைக்காரரிடம் விசாரித்தாராம். "உங்க வாத்தியார் செய்யறதுதான் சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். தாய்மாமன் காத்திருந்து பார்த்தார். மாமரம் இவ்வளவு மெதுவாக வளரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணப் பந்தியில் மாதேஸ்வரி சந்தோஷமாக வடை பரிமாறினாள்.

அவள் படித்து முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அந்தத் தையில் பூக்கிள்ளி போகவில்லை. பூ நின்றது, காய்த்தது, பழுத்தது. அப்பா ஒரு பழத்தைக்கூட யாரையும் தொட விடாமல், முதல் பறிப்பைத் துண்டில் கட்டிக்கொண்டு கல்லூரி மைதானத்துக்கே வந்துவிட்டார். மாதேஸ்வரியும் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனோம்.

பூக்கிள்ளி ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். நிதானமாக மென்றார். களியை விழுங்கச் சொன்ன மனிதர், அந்தப் பழத்தை அவ்வளவு நேரம் மென்றார்.

"புளிக்குது. இன்னும் ஒரு வருசம் கிள்ளி இருக்கணும்" என்றார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டையைக் கைக்குட்டையில் மடித்து, விசில் இருக்கும் பையில் வைத்துக்கொண்டார்.

நானும் ஒரு துண்டு தின்றேன். வெல்லம் மாதிரி இனித்தது. பொய் சொல்லுகிறார் மனுஷன்.

அந்த ஒரு ரெய்டுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். "சரியான கிறுக்கனா இருப்பார் போல உங்க சார்."

ஆறிய காபியை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கதவைக் காட்டினேன். எங்கள் சாரைத் திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.