ஷிஹாதாவின் கோப்பை ஆறிய படலம்

அறுபத்தொரு தீனார் கடன்பட்ட அண்ணலே வாழி! சாந்துக் கரண்டி சுழற்றிய தடக்கையனே வாழி! ஸர்க்கா நகரத்து ஊரார் சுவரையெல்லாம் முகம் பார்க்கும்படி பூசிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுச் சுவரைச் செங்கல் பல் இளிக்க விட்டுவைத்த செம்மலே, ஷிஹாதாவே, நீ வாழி!

பன்னிரண்டு நாளைக்கு முன், வட்டச்சாலை முனையில், இருபத்திரண்டு செம்மறி சுமந்து வந்த சுவைலிமின் வண்டி, மலையொன்று முதுகுப்புறமாய் வந்து மலையை முட்டினாற்போல் நம் வீரனின் கிழட்டுக் காரை முட்ட, பின்விளக்குகள் இரண்டும் மாதுளை முத்தாய்ச் சிதறின. பிழை சுவைலிமுடையதே என்று எழுதிக் கொடுத்த போலீஸ்காரனே, விளக்கில்லா வண்டி வீதியேறலாகாது என்று இழுவை வண்டியையும் அழைத்தான். அவ்வண்டி சங்கிலி மாட்டி, சிறைப்பட்ட யானையை இழுப்பதுபோல் இழுத்துப்போய், ஊர்ப்புறத்து அபூ மிஷாலின் கொட்டடியில் அடைத்தது. இழுத்த கூலி இருபத்தைந்து தீனார். நிறுத்திய வாடகை நாளுக்கு மூன்று. தின்னாமல் குடிக்காமல் நிற்கிற காருக்கு என்ன வாடகையோ, அது அபூ மிஷாலுக்கே வெளிச்சம்.

சுவைலிமின் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாவற்றையும் தரும். எப்போது தரும் என்பதுதான் முனிவரும் அறியாதது. அக்கோட்டையின் கண்ணாடிச் சாளரத்தை ஷிஹாதா ஏழு முறை முற்றுகையிட்டான். ஏழு முறையும், வாளெடாமல் வெல்லும் வித்தை கற்ற ரந்தா என்னும் நங்கை புன்னகைத்தே அவனைப் புறங்காட்ட வைத்தாள்.

"சர்வேயர் கொட்டடிக்கெல்லாம் வரமாட்டாரு பெரியப்பா. வண்டிய இங்க கொண்டாந்து காட்டுங்க. இழுத்த கூலிய ஃபைல் முடிஞ்சப்புறம் தருவோம். நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு வந்தா முடிஞ்சிருமா மகளே?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. லீவு."

ஞாயிறு விடியலில் மாதபாவில் நாற்பது அறைப் பள்ளிக்கூடம் அவன் கரண்டிக்காகக் காத்திருந்தது. நாலு மாத வேலை. குளிர்காலம் முழுமைக்கும் சோறு. ஏணியும் சாந்துத் தொட்டியும் ஏற்றிய காரோடு வராவிட்டால் வேறு ஆள் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பையிலோ இருபத்தாறு தீனார்.

எனவே வியாழன் பிற்பகல், வெயில் தகரக்கூரையைத் தோசைக்கல்லாக்கிய வேளையில், ஷிஹாதா கொட்டடி புகுந்தான். துணைக்கு வந்தவன், முட்டிய அதே சுவைலிம்! முட்டிய மறுநாளே ஒரு வாளி தயிரோடு மன்னிப்புக் கேட்டு வந்தவன், அன்றுமுதல் உற்ற தோழனாகி, இன்று பழைய இரும்புச் சந்தையில் பொறுக்கிய இரண்டு பின்விளக்குகளை வெற்றிக்கனிபோல் கக்கத்தில் இடுக்கி வந்தான்.

அபூ மிஷாலோ, பிள்ளையைச் சிறைவைத்தாலும் தகப்பனுக்குக் காபி ஊற்றாமல் அனுப்பாத குலத்துதித்தவர். ஊற்றினார். ஷிஹாதா வாங்கினான், உதட்டருகே கொண்டுபோகாமல், பொங்கும் கடலை ஒரு சிப்பியில் அடக்கித் தரையில் வைப்பவன்போல், கோப்பையைக் கீழே வைத்தான். பெண் கேட்கவோ பெரிய வரம் கேட்கவோ வந்தவன் கோப்பையைக் கீழே வைத்தால், கேட்டது கிடைக்கும்வரை தொடான். அது ஆறிய இடத்துக்காரன் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"கேளுங்க அபூ மிஷால். இழுத்த கூலி இருபத்தஞ்சையும் இப்பவே வைக்கிறேன், அது உங்க உழைப்பு. வாடகை முப்பத்தாற விட்டுக் குடுத்தாத்தான் இந்தக் காபி என் தொண்டையில எறங்கும்."

"எம் பொண்ணக் கேட்டா வந்திருக்கீங்க மேஸ்திரி? கார் நிறுத்துற எடம்யா இது. குடிங்க."

மூண்டது போர். அபூ மிஷால் புதுக்கொட்டை வறுத்தார். ஏலம் சேர்த்து உரலில் இடித்தார். அவ்வோசை முரசாக, காபி மணம் நால்வகைப் படையாக வந்து, விடிந்ததிலிருந்து ஒரு மிடறும் காணாத ஷிஹாதாவின் மூக்கை வளைத்தது. அவன் வலக்கை தானாகவே கோப்பையை நோக்கி ஊர்ந்தது. சதை ஆடக் கண்டவன், சட்டென்று அக்கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். வண்டி எடுக்க வந்த இருவர் வாசலில் நின்று, ஆறுகிற கோப்பையையும் அபூ மிஷாலையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

அப்பார்வை தைக்க, அபூ மிஷால் தன் துயரக்காதையைத் தொடங்கினார். டீசல் விற்கிற விலை, நிலத்துக்காரனுக்குக் கட்டும் குத்தகை, டிரைவர் சம்பளம், நாய்க்குப் போடும் எலும்பு என்று ஆற்றொழுக்காய்ப் பொழிந்து பொழிந்து நா வறண்டு, முப்பதாண்டாய் எட்டிய இடத்துக் கோப்பையை எடுத்தே பழகிய கை எட்டிய இடத்தில் இருந்ததை எடுக்க, ஒரே மிடற்றில் குடித்துவிட்டார்.

ஷிஹாதாவின் கோப்பையை.

"அபூ மிஷால்," என்றான் சுவைலிம் மெதுவாக, "அது அவரு கேட்டு வச்ச கோப்பை."

"ஏதோ தாகத்துல குடிச்சிட்டேன்யா."

"கேட்டவன் கோப்பைய வீட்டுக்காரரே குடிச்சா, கேட்டத ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?"

"அப்படி ஒரு வழக்கம் எங்கயும் கெடையாது."

"கெடையாதுதான். நாளைக்குத் தொழுகை முடிஞ்சு ஆளுங்க கூடுவாங்க. அங்க இந்தக் கதையச் சொல்லி, வழக்கம் உண்டா இல்லையான்னு கேட்டுக்கலாம்."

வாசலில் நின்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அபூ மிஷால் காலிக் கோப்பையைப் பார்த்தார்; தன்னையே ஒரு தரம் திட்டிக்கொண்டார்; பிறகு தோள் குலுங்கச் சிரித்து, முப்பத்தாறின்மேல் கோடு கிழித்து, இருபத்தைந்தை எண்ணி வாங்கி ரசீதும் எழுதி, புதுக்காபி ஊற்றினார். சிறைமீண்ட வலக்கையால் ஷிஹாதா மூன்று கோப்பை குடித்தான். இன்சூரன்ஸ் பணம் வருகிறபோது வரட்டும்; மாதபாவின் நாற்பது அறையும் அவன் கண்முன் வெண்ணிலாவாய் ஒளிர, விளக்குகளைக் கம்பிகொண்டு கட்டி, வெற்றித்தேர் ஏறும் வேந்தன்போல் கதவு திறந்து ஏறி, எண்திசையும் அதிரத் தன் வாகனத்தின் பிளிறல் எழுமென்று செவிசாய்த்துச் சாவியைத் திருகினான்.

பாட்டரி இறங்கியிருந்ததால், அபூ மிஷாலும் சேர்ந்து தள்ளினார்.