ஆண் அத்தி மாலையும் புல்டோசரும்

ஜெப்பா மலைச்சரிவு,
செப்டம்பர் 3

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வஜ்தி அவர்களுக்கு மாமனார் மொக்தாத் சலாம் கூறி எழுதிக்கொண்டது. இறைவன் கருணையால் நானும் உங்கள் மாமியார் மப்ரூக்காவும் சுகம். ஆடுகள் சுகம், கோழிகள் சுகம். கழுதைக்கு மட்டும் என்மேல் ஏதோ வருத்தம், அதுவும் தீர்ந்துவிடும். சூஸ் நகரத்தில் நீங்களும் எங்கள் மகள் நவ்ரஸும் குறைவின்றி இருக்கப் பிரார்த்திக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்தது. இந்த வருஷம் அத்தி மொத்தமும் உதிர்ந்துபோனதால் நம் தோட்டமுறை தோற்றுவிட்டது என்றும், பதினைந்தாம் தேதி புல்டோசர் அனுப்பி ஏழு படிக்கட்டு வயல்களையும் ஒன்றாகச் சமன்செய்து, சீமை மாதுளை, மாதுளை, வெங்காயம், ஆட்டுப்பட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அத்தியை மட்டும் நேர்கோட்டில் நடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் மாவு பிசைந்துகொண்டிருந்த உங்கள் மாமியாரின் கை நின்றுவிட்டது. பெருநாளன்று நீங்கள் இதற்கான வரைபடத்தை விரித்தபோது நான் தலையாட்டியது உண்மை. வாயில் பேரீச்சம்பழம் இருந்தது. தவிர, மாப்பிள்ளை பேசும்போது தலையாட்டாத மாமனார் எந்த ஊரில் இருக்கிறார்?

சாலை போடும் பொறியாளருக்கு வளைவைக் கண்டால் பொறுக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வசந்தத்தில் நீங்கள் வாய்க்காலை நேராக்கிவிட்டுப் போன பிறகு நடந்ததை இதுவரை நான் சொல்லவில்லை. முன்பு அது ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும். நேராக்கியதும் வெங்காயப் பாத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி, கீழ்வீட்டு ஹத்தாபின் ரொட்டி அடுப்புக்குள் போய் நின்றது. அவர் வேலியோரம் வந்து, "என்ன மொக்தாதண்ணே, உங்க தண்ணிக்குப் பசி போலிருக்கு, ரொட்டி கேட்டு வந்திருக்கு, குடுத்தனுப்பவா?" என்று கேட்டார். இரண்டு நாள் மண்வெட்டி பிடித்து வாய்க்காலைப் பழையபடி கோணலாக்கினேன். அப்புறம் சுத்தத்துக்காகக் கோழிகளைக் கூண்டில் அடைக்கச் சொன்னீர்களே, அடைத்தேன், நத்தைகளுக்குக் கொண்டாட்டம், பத்தே நாளில் கீரையில் நரம்புதான் மிச்சம், கோழிகளைத் திறந்துவிட்டால் கோபத்தில் ஒரு வாரம் முட்டையிடவில்லை. இதற்கெல்லாம் நான் வாய் திறந்தேனா?

அத்தி விஷயத்துக்கும் திறந்திருக்க மாட்டேன். மாமியார்தான் விடவில்லை. "மாப்பிள்ளைய தலைமேல வச்சுக் கொண்டாடுங்க, வேணாங்கல. அதுக்காக நிலத்தையும் எடுத்துக் குடுத்துடுவீங்களா? அவர் செஞ்சத அவருக்கே சொல்லாம வாயில என்ன வச்சிருக்கீங்க, இப்பவும் பேரீச்சம்பழமா?" என்று பிடித்துக்கொண்டார். ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். கோபிக்கக் கூடாது.

ஜூன் மாதம் நாங்கள் கல்யாணத்துக்காக ஐந்து நாள் பேஜா ஊருக்குப் போயிருந்தபோது நீங்கள் வந்து தோட்டத்தைச் சுத்தம் செய்தீர்கள் அல்லவா? அப்போது மரங்களில் சுருங்கிய காய்மாலைகள் தொங்குவதைப் பார்த்து, கண்ணேறு படாமலிருக்கக் கட்டிய பழங்காலத்துச் சமாசாரம் என்று எல்லாவற்றையும் கழற்றிக் குப்பைமேட்டில் போட்டுவிட்டீர்கள். மாப்பிள்ளை, அது கண்ணேறுக்கு இல்லை. தின்ன உதவாத ஆண் அத்திக்காயைப் பறித்து, நாரில் கோத்து, மரத்துக்கு மரம் கட்டுவோம். அதற்குள்ளிருந்து கொசுவைவிடச் சிறிய பூச்சிகள் கிளம்பி நம் காய்களுக்குள் புகுந்தால்தான் காய் தங்கும். பூச்சி கிளம்பும் அந்தச் சில நாளைத் தவறவிட்டால் காய் மஞ்சளாகி உதிரும். உதிர்ந்தது. ஏன் என்று ஊரே கேட்டது. வெயில் அதிகம் என்று சொல்லிவைத்தேன். உங்கள் பெயரை வெளியே விடவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், இந்த வருஷம் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. உதிர்ந்த காயைத் தின்று ஆடுகள் கொழுத்தன, பாலைப் பாலாடைக்கட்டியாக்கி மாமியார் சந்தைக்கு அனுப்புகிறார். ஆட்டெரு தின்ற வெங்காயம் என் முஷ்டியளவு. தேன் எடுத்தாயிற்று, மிளகாய் காய்கிறது, சீமை மாதுளைக் கிளைகளுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன், மாதுளை வெடிக்கக் காத்திருக்கிறது. காலையில் தோட்டத்துக்குள் நடந்தால் ஒவ்வொன்றும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. எனக்கு அது போதும். நான் சந்தோஷமாக இருக்கிறேன் மாப்பிள்ளை. ஆகவே அத்தி உதிர்ந்ததற்குக் காரணம் நம் தோட்டமுறை அல்ல, உங்கள் சுத்தம் என்பதைப் பணிவுடன் தெரிவித்து, புல்டோசரை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் சாலைகளில் குழி விழாமலும் உங்கள் வீட்டில் குழந்தைச் சத்தம் நிறையவும் இறைவன் அருளட்டும். நவ்ரஸுக்கு அப்பாவின் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
மொக்தாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாமியார் கிடங்கிலிருந்து ஒரு கூடையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். எண்ணெய்ச் சாடிகளுக்குப் பின்னால் இருந்ததாம். உள்ளே ஜூன் மாதம் நான் கோத்த மாலைகள், ஒன்று குறையாமல், கருகிப்போய். "கோத்தீங்க சரி, கட்டுனீங்களா? கல்யாணத்துக்குப் புது மேலங்கி தேடுன அவசரத்துல இங்க வச்சுட்டு, மரத்துல கட்டியாச்சுன்னு வண்டி ஏறிட்டீங்க. பாவம் அந்தப் புள்ள கழட்டுனது போன வருஷத்துக் குப்பை!" என்றார். எனக்கும் இப்போதுதான் நினைவு வருகிறது. மேலே உங்களைப் பற்றி எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். வாய்க்காலைத் தவிர. கோழியையும் தவிர. அத்தியைக் கெடுத்தது நான்தான், ஊரிலும் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் புல்டோசர் வேண்டாம். அத்தி மட்டும் இருந்திருந்தால் என் ஒரு மறதிக்கே குடும்பம் தெருவில் நின்றிருக்கும். இங்கே பதின்மூன்று விதமாக விளைகிறது, பதின்மூன்றையும் ஒரே வருஷத்தில் மறக்கும் அளவுக்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை.