அசைந்தால் இன்னொரு தலையணை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம்தான். உன் அத்தான்தான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

போன மாதம் எனக்கு எலும்புப்புரை என்று பரிசோதனையில் வந்தது. எலும்பு உள்ளுக்குள்ளேயே பலம் இழந்துகொண்டு போகுமாம், ஆயுசுக்கும் மாத்திரையாம். "விழுந்திடாதீங்கம்மா. ஆனா நல்லா நடங்க, வேலையை விட்டுடாதீங்க. அசையாம உக்காந்தா இன்னும் மோசமாயிடும்" என்றார் டாக்டர். உன் அத்தான் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் ஏறியது.

கண்ணாடித் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது. உடையும் சாமான் பெட்டிக்குள் அசையக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேதம். மறுநாளே மேசை மூலை, கட்டில் கால், குளியலறைக் குழாய் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஸ்பாஞ்சு சுற்றி டேப் ஒட்டிவிட்டார், குழாயைத் திறக்க முடியாமல் நான் திண்டாடினேன், நாற்காலியில் உட்கார்ந்தால் என்னைச் சுற்றித் தலையணைகளை அடைத்துவிட்டுத் தோளைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார், அசைந்தால் இன்னொரு தலையணை. தெருவில் நடந்தால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே வருகிறார். "என்ன சார், கேட்ச் பிடிச்சுப் பழகுறீங்களா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டே விட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று தையல்கடை முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, "இனிமே அவ வேலைக்கு வரமாட்டா" என்று சொல்லிவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். துணி வெட்டும் மேசை முன்னால் நிற்பதுதான் தம்பி எனக்கு உயிர். அங்கே நான் கத்திரியை எடுத்தால் கடையே பேச்சை நிறுத்தும். இங்கே தண்ணீர்ச் செம்பைத் தொட்டால் பிடுங்குகிறார். "நான் என்ன கண்ணாடி டம்ளரா?" என்று கேட்டேன். "டம்ளர்னா வேற வாங்கிக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமைவரை என் இடத்துக்கு வேறு ஆள் போடமாட்டேன் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார். அதற்குள் நீ வந்து இவரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். வராவிட்டால் நான் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்துவிடுவேன், பெட்டியை நானே தூக்கிக்கொண்டு.

பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் மனைவிக்கு என் அன்பு. உன் அத்தானும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
தலையணைகளுக்கு நடுவிலிருந்து,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஒரு தும்மல் வந்தது. விலா எலும்பில் கீறல். வெறும் தும்மலுக்கே இப்படி ஆகும் என்று உன் அத்தான் நினைத்தே பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "ஆறினதும் அம்மா நடக்கணும், வேலைக்கும் போகணும்" என்று டாக்டர் இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். விலா ஆறும்வரை என் இடத்தை வைத்திருக்கும்படி முதலாளியம்மாவிடம் இவரே பேசிவிட்டார். ஆகவே நீ திட்ட வர வேண்டாம். ஆனால் வா. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அவரிடம் சொன்னால் தாங்கமாட்டார்.