கழித்துக் காட்டிய லாபம்

ஒரு விஷயம் நமக்கு நன்றாகப் புரிந்துவிட்ட நாள்தான் ஆபத்தான நாள். அதை யாருக்காவது விளக்கியே தீர வேண்டும் போலிருக்கும்.

நான் ஆடிட்டராகத் தேறிய புதிது. தி.நகரில் பித்தளைப் பாத்திர மொத்த வியாபாரம் செய்துவந்த சபாபதியின் கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள். அவருடைய மகள் மீரா அவரிடமே பாத்திரங்கள் வாங்கி விற்கும் கடையை அடையாறில் வைத்திருந்தார். அது தனிக் கம்பெனிதான். ஆனால் பங்குகளில் பெரும்பகுதி அப்பாவின் கம்பெனியிடம் இருந்தது. அதனால் தனித்தனிக் கணக்குகள் போக, இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகவும் காட்ட வேண்டும். காட்டினேன். (அன்றைக்குச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.)

அப்பாவும் மகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேசாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"ரெண்டும் ஒரே வீடு மாதிரி சார்," என்று ஆரம்பித்தேன். "சமையல்கட்டுலேர்ந்து கூடத்துக்கு தோசை போனா அது வியாபாரமா? அதனால நீங்க இவங்களுக்கு வித்ததைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டேன்."

சபாபதி ரசித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கெடுத்தது.

"இவங்க கடையில விக்காம இருக்கற சரக்குல நீங்க வெச்ச லாபத்தையும் கழிச்சுட்டேன் சார்."

மீரா நிமிர்ந்தார். "என்ன லாபம்? அசல் விலைக்குத்தான் தர்றேன்னு சொன்னீங்களேப்பா?"

சபாபதி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கையில ஒண்ணும் நிக்கலே, எனக்கு வியாபாரம் வரலேன்னு நெனச்சு கடையை மூடறதா இருந்தேன்," என்றார் மீரா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூடிட்டா நீ திரும்ப இங்க வந்து உக்காருவேன்னு நெனச்சேம்மா," என்றார் அவர். "நீ போனப்புறம் இங்க பேச்சுத்துணைக்கு ஆளில்ல."

நான் கழித்தது கணக்கில் ஒரே வரியில் அடங்கிய ஒரு தொகை. அதற்குள் ஒரு மனிதரின் தனிமை இருக்கலாம் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மீரா கடையை மூடவில்லை. சில மாதம் அப்பாவோடு பேசவுமில்லை. பிறகு சாயங்காலங்களில் சபாபதி அடையாறு கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்கிறார் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்க வழியில்லை. "அந்தப் புள்ளய மட்டும் இனிமே அனுப்பாதீங்க" என்று எங்கள் ஆபீசுக்கு எப்போதோ சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். (யார் கேட்டார்கள்?) இன்றைக்கும் எந்த உறவினர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும் காதருகே வந்து சொல்வாள்:

"காபி குடுத்தா குடிங்க. எதையும் விளக்காதீங்க."