தையற்காரர் தலைவாசல் திருப்பிய படலம்

ஊர்க்கழிவெல்லாம் சுமந்தும் ஒரு சொல் முனகாமல் மண்ணுக்கடியில் இருளுண்டு கிடக்கும் பாதாளக் குழாய்களே, அடைப்பின்றி அருள் புரிக! வலக்கரத்தில் கத்தரிக்கோலும் திருக்கழுத்தில் அளவுநாடாவும் பொலிய, எதிரே வருபவரின் இடுப்பளவைக் கண்ணாலேயே கணித்துவிடும் பேராற்றல் வாய்த்தவரும், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் நிகரற்றவருமான தையற்காரரின் வெற்றியைப் பாடப் புகுந்தோம். வெற்றி என்றே வைத்துக்கொள்வோம்.

நெடுந்தெருவுக்கும் பின்சந்துக்கும் இடையே ரயில்பெட்டிபோல் நீண்டு ஒடுங்கிக் கிடந்தது அவர் மாளிகை. தெருப்பக்க முன்னறையில் தையல் இயந்திரம். நடுவே கட்டிலும் அடுப்பும். கடைக்கோடியில், பின்சந்தைப் பார்த்துத் திறக்கும் தகரக் கதவோடு குளியலறை. எல்லாம் இருந்த அம்மாளிகையில் தண்ணீர் மட்டும் இல்லை. தெருமுனைக் குழாயிலிருந்து நாளொன்றுக்குப் பதினான்கு குடம் சுமந்த அவர் மனைவியாரின் வலது முழங்கால், படியேறும்போதெல்லாம் தையல் இயந்திரத்தோடு போட்டியிட்டுக் கடகடத்தது. அந்தக் கால் மடங்க மறுக்கும் முன்பு வீட்டுக்குள் ஒரு குழாய் வர வேண்டும். இத்தனை போரும் அதற்குத்தான்.

ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்குக் குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று தீர்மானிக்க நகராட்சி மன்றம் பொதுமக்களைக் கூட்டிய அன்று, மனைவியார் வீரத்திலகம் எதுவும் இடவில்லை. "போய்ப் பேசாம உக்காந்து கேட்டுட்டு வாங்க. எல்லாருக்கும் ஒரே காசுன்னுதான் சொல்றாங்க. அதைக் கட்டிடலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பேசாமல் இருப்பதற்கா நாவைப் படைத்தான் நான்முகன்? மின்விசிறிகள் முரசென அதிர, நாற்காலிகள் தேரென உருள, இடையில் இரும்பு நாடா தொங்க எழுந்த நகராட்சிப் பொறியாளர் 'எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை' என்று வாசித்து முடிக்கும் முன்பே நம் வீரர் எழுந்துவிட்டார். தெருக்குழாய் நெடுந்தெருவில் நிற்கிறது, ஆகவே பெருங்குழாயும் நெடுந்தெருவில்தான் ஓடும், ஆகவே தம் வாசலுக்கு மூன்றே எட்டு என்பது அவர் கணக்கு. கழுத்து நாடாவைச் சரேலென உருவி உயர்த்தி அவர் முழங்கினார்: "ஒரு மீட்டர் துணிக்கும் பத்து மீட்டர் துணிக்கும் ஒரே விலை சொன்னா என்னை இந்த ஊர்ல நிக்க விடுவீங்களா? குழாய்லேருந்து தலைவாசல் வரைக்கும் அளங்க. மீட்டருக்கு இவ்வளவுன்னு போடுங்க."

அவை கைதட்டி அதிர்ந்தது. எது தலைவாசல் என்று மன்றத் தலைவி ஐயம் எழுப்ப, "கதவு நம்பர் எங்க அடிச்சிருக்கோ அதான் தலைவாசல்" என்று அதையும் அவரே தீர்த்துவைத்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன் பிறகே பொறியாளர் வரைபடத்தை நிதானமாக விரித்தார்.

"குழாய் ரெண்டுமே பின்சந்துலதான் சார் போகுது. சுத்திக்கிட்டு உங்க தலைவாசலுக்கு வந்தா இருபத்தொரு மீட்டர்."

ஒரே தொகையாக இருந்திருந்தால் கட்டியிருக்கக்கூடியது இப்போது மும்மடங்கு ஆயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாதவர் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுபோல் வீடு திரும்பிய வீரரை மனைவியார் திட்டவில்லை. காலர் நைந்த சட்டை ஒன்றை எடுத்து முன்னே போட்டார்.

"இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சுத் திருப்பி வச்சுத் தைப்பேன்."

"அப்ப வீட்டையும் திருப்புங்க."

இயந்திரப் பெட்டியின் திருப்புளியை உறைவாளென உருவிப் புறப்பட்டார் காண் நம் தலைவர்! தெருக்கதவின் எண் பலகை பெயர்ந்தது. குளியலறைத் தகரக் கதவில் ஏறியது. அழைப்பு மணி தொடர்ந்தது; கால்மிதி தொடர்ந்தது; செருப்புகள் அணிவகுத்துச் சந்தில் சென்று பாசறை அமைத்தன. மறுநாள் நண்பகலில் அளக்க வந்த பொறியாளர், எண்ணைப் பார்த்தார். கதவைத் திறந்து வாளியையும் சோப்புப்பெட்டியையும் பார்த்தார். மீண்டும் எண்ணைப் பார்த்தார். துணிநாடாவும் இரும்புநாடாவும் நேருக்கு நேர் நின்ற அக்கணத்தில் சந்துப் பூனையும் மூச்சடக்கியது. எழுதிய தீர்மானத்தை யாரால்தான் மீற முடியும்? அளந்தார். ஒன்றரை மீட்டர்.

ஆயினும் தோற்றவன் தூணியில் ஓர் அம்பு மிஞ்சியிருந்தது. "சரி சார். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு தலைவாசல்தான். தெருப்பக்கக் கதவைச் செங்கல் வச்சு அடைச்சிடுங்க. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் பொறியாளர்.

முப்பதாண்டுகளாக வெளிச்சமும் காற்றும் வாடிக்கையும் வந்த வாசல் அது. ஊசி முனைக்கும் அஞ்சாத வீரருக்கு அழுகை முட்டியது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவியார் மூலையில் நின்ற பதினான்கு குடங்களைப் பார்த்தார்.

"அடைங்க" என்றார் அம்மையார்.

அடைத்தார்கள். பத்தாம் நாள், கங்கை விண்ணிலிருந்து இறங்கியதோ, கார்முகில் குளியலறைக்குள் வழி தவறி வந்ததோ என்று ஐயுறும்படி, செருமியும் துப்பியும் குழாய் தண்ணீரைப் பொழிந்தது. மனைவியார் ஓடும் நீரில் கையை நீட்டியபடியே நெடுநேரம் நின்றார். எத்தனை குடம் என்று அவரும் எண்ணவில்லை, எத்தனை மீட்டர் என்று இவரும் அளக்கவில்லை. ஆழியும் நாணும் இந்நீர்ப்பெருக்கு வாழ்க, வாசல் திருப்பிய வல்லவர் வாழ்க, அவரைத் திருப்பிய மனையரசியார் நீடூழி வாழ்க.

இப்போதெல்லாம் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், உள்ளே குளிக்கிறவர் முடித்துவிட்டு வரும்வரை சந்தில் நிற்கிறார்கள்.